புக்கைத் திறந்தா விடை வந்துடுமா பாஸ்?

"புக்கைப் பார்த்தே எழுதலாம்!" அப்படின்னு ஒரு பரீட்சை வந்தா எப்படி இருக்கும்? கடைசி பெஞ்ச்ல விசில் பறக்கும். பிட்டு எழுத வேண்டாம், முன்னாடி இருக்கறவன் முதுகை எட்டிப் பார்க்க வேண்டாம், மொட்டை போடறேன்னு திருத்தணி முருகன்கிட்ட வேண்டிக்கவும் வேண்டாம். பையில புக்கைப் போட்டோமா, ஹாலுக்குப் போனோமா, திறந்தோமா, எழுதினோமா... அவ்வளவுதான்!

கொஞ்சம் பொறுங்க. அந்தப் பரீட்சையை நீங்க ஏற்கெனவே எழுதிக்கிட்டுத்தான் இருக்கீங்க. மெக்கானிக்கல் ஆளுங்க டிசைன் பேப்பருக்கு பி.எஸ்.ஜி. டேட்டா புக்கைத் தூக்கிக்கிட்டுப் போறீங்களே, அது என்னவாம்? சிவில்காரங்களுக்கு ஐ.எஸ். 456, எஸ்.பி. 16, ஸ்டீல் டேபிள். தெர்மல்னா ஸ்டீம் டேபிள். ஹீட் டிரான்ஸ்ஃபர்னா கோதண்டராமன் டேட்டா புக். பார்த்து எழுதலாம்னு அனுமதியும் இருக்கு, கையில புக்கும் இருக்கு. அப்புறம் எப்படி மெஷின் டிசைன்ல அரியர் விழுது?

காரணம் ரொம்ப சிம்பிள். அந்த புக்கை முதல் தடவையா ஒழுங்கா திறக்கறதே ஹாலுக்குள்ளதான்! கியர் கணக்கு வந்தா கியர் பக்கத்தைத் தேடணும். பக்கம் கிடைச்சா டேபிள் கிடைக்காது. டேபிள் கிடைச்சா அதுக்குக் கீழே பொடி எழுத்துல இருக்கற குறிப்பு கண்ணுல படாது. மணி அடிச்சுடும். வெளியே வந்து, "பேப்பர் ரொம்ப லென்த்தி மச்சி" என்று ஒரு டயலாக். பேப்பர் லென்த்தி இல்லை, தேடினதுதான் லென்த்தி.

காலேஜ்ல இது போனா ஒரு அரியர், அடுத்த செமஸ்டர்ல எழுதிக்கலாம். வேலைக்குப் போன பிறகு இதே மாதிரி ஒரு பரீட்சை காத்துக்கிட்டு இருக்கு. அதுல தோத்தா ஒரு வருஷம், சில சமயம் ஒரு ப்ரமோஷன் போயிடும். இந்த வாரம் அதைப் பத்தித்தான்.

அமெரிக்காவில் ஒரு இன்ஜினீயர் வரைபடத்தில் தன் முத்திரையைக் குத்தணும்னா டிகிரி மட்டும் போதாது. லைசன்ஸ் தேர்வு எழுதணும். நம்ம நாட்டில் எல்லா இன்ஜினீயருக்கும் பொதுவாக அப்படி ஒரு தேர்வு கிடையாது. டிகிரி வாங்கினா இன்ஜினீயர்தான். ஆனால் சில வேலைகளுக்கு அரசாங்கமே தேர்வு வைத்து, 'இவர் செய்யலாம்' என்று சான்றிதழ் கொடுக்கிறது. அதில் நம்மவர்களுக்குப் பக்கத்தில் இருப்பது எனர்ஜி ஆடிட்டர் தேர்வு.

கதை சுருக்கமாக: 2001-இல் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் வந்தது. 2002 மார்ச் 1 அன்று டெல்லியில் பி.இ.இ. தொடங்கியது. ஃப்ரிட்ஜ், ஏ.சி. மேலே நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டியிருக்குமே, அதே பி.இ.இ.தான். சிமெண்ட், உரம், காகிதம், ஜவுளி, அனல் மின் நிலையம் என்று எரிசக்தியை மூட்டை மூட்டையாக விழுங்குகிற பெரிய ஆலைகளில் எனர்ஜி மேனேஜர் ஒருவர் இருக்க வேண்டும், ஆடிட் நடக்க வேண்டும் என்றது சட்டம். அதற்குத் தகுதியான ஆள் வேண்டுமே! 2004-இல் முதல் தேசியத் தேர்வு நடந்தது. மேனேஜருக்கு மூன்று தாள். ஆடிட்டருக்கு நான்கு. பி.இ. முடித்தவர்கள் மூன்று வருஷ அனுபவத்தோடு எழுதலாம். அதாவது, இன்னைக்கு ஃபைனல் இயர்ல இருக்கற உங்களுக்கு இது ரொம்ப தூரத்து விஷயம் இல்லை.

ஒரு உள்ளூர்ச் சேதி. இந்தத் தேர்வைப் பல வருஷம் நடத்தியது தேசிய உற்பத்தித் திறன் குழு. அதன் பயிற்சி நிலையம் எங்கே இருக்கு தெரியுமா? அம்பத்தூர் தொழிற்பேட்டையில்! நம்ம திருத்தணி ரயில் தினமும் தாண்டிப் போற அதே அம்பத்தூர்தான்.

இப்ப மேட்டருக்கு வர்றேன். முதல் மூன்று தாளும் வழக்கமான பரீட்சை மாதிரி, ஒவ்வொன்றும் மூணு மணி நேரம், 150 மார்க். நாலாவது தாள்தான் புக்கைப் பார்த்து எழுதுகிற தாளாக நடத்தப்பட்டு வந்திருக்கிறது. 2 மணி நேரம், 100 மார்க். ஒவ்வொரு தாளிலும் 50 சதவீதம் எடுத்தால்தான் பாஸ். பாய்லர், ஃபர்னஸ், ஹீட் எக்ஸ்சேஞ்சர், பம்ப், ஃபேன், கம்ப்ரஸர், ஏ.சி. பிளாண்ட் எல்லாத்தையும் அளந்து, கணக்குப் போட்டு, 'இது எத்தனை சதவீதம் ஒழுங்கா வேலை செய்யுது' என்று சொல்ல வேண்டும். அதுவும் ரெண்டு நாளில் ஒன்பது மணி நேரம் மூணு தாள் எழுதிக் களைத்த பிறகு!

பழைய கேள்வித்தாள்களைப் புரட்டிப் பாருங்க. பத்து குட்டிக் கேள்வி பத்து மார்க். ரெண்டு சின்னக் கணக்கு பத்து மார்க். மீதி 80 மார்க்கும் நாலே நாலு பெரிய கணக்கு, ஒவ்வொன்றும் இருபது.

கால்குலேட்டரை எடுங்க. 120 நிமிஷம், 100 மார்க். ஒரு மார்க்குக்கு 72 விநாடி. இருபது மார்க் கணக்குக்கு 24 நிமிஷம். ஒரு பெரிய கணக்கில் சராசரியா அஞ்சு தடவை புக்கைப் புரட்டணும்னு வெச்சுக்குவோம். ஒரு தடவை தேட ரெண்டு நிமிஷம்னா நாலு கணக்குக்கும் சேர்த்து 40 நிமிஷம் காலி! மார்க்கில் சொன்னால் 33 மார்க்குக்கான நேரம். பேனா பேப்பரைத் தொடாமலே போன நேரம். அதே தேடலை அரை நிமிஷத்தில் முடித்தால் மொத்தமே பத்து நிமிஷம். பாஸுக்கும் ஃபெயிலுக்கும் நடுவில் நிற்பது அந்த அரை மணி நேரம்தான். அறிவு கம்மி, படிப்பு கம்மி என்றெல்லாம் பழி போட வேண்டாம்.

எங்க ஊர் அண்ணன் ஒருத்தர் இருக்கார். திருத்தணியில் வீடு, அம்பத்தூர் பக்கம் ஒரு ஃபேக்டரியில் மெயின்டனன்ஸ் வேலை. 80 கிலோமீட்டருக்கு மேல இருக்கற சென்னைப் பாதையில் தினமும் போக வர ரயில். முதல் தடவை இந்தத் தேர்வுக்கு அவர் போன கோலத்தைப் பார்த்திருக்கணுமே! சக்கரம் வெச்ச சூட்கேஸ். உள்ளே பதினான்கு புத்தகம். காலேஜ்ல படிச்ச தெர்மோடைனமிக்ஸ்ல இருந்து, யாரோ கொடுத்த பாய்லர் கம்பெனி கேட்லாக் வரைக்கும். ஹால்ல போட்டிருந்த டெஸ்க்கோ ஒண்ணரை அடி அகலம். மூணு புக் விரிச்சா கேள்வித்தாளுக்கு இடமில்லை. மீதி பதினொண்ணும் காலடியில. ஒவ்வொரு தடவையும் குனிஞ்சு எடுக்கணும், நிமிரணும். "தேர்வு எழுதின மாதிரியே இல்லடா, லோடு இறக்கின மாதிரி இருந்துச்சு" என்றார். மூணு தாள் பாஸ். புக்கைப் பார்த்து எழுதின தாள் மட்டும் ஊத்திக்கிச்சு!

அடுத்த தடவை அவர் கொண்டு போனது அஞ்சே அயிட்டம். பி.இ.இ. வெளியிட்ட வழிகாட்டிப் புத்தகங்களில் நாலாவது, அதுதான் மெயின். துணைக்கு ரெண்டாவதும் மூணாவதும். ஒரு ஸ்டீம் டேபிள். அப்புறம் ஒரு லாங் சைஸ் நோட்டு. அந்த நோட்டுதான் அவரைப் பாஸ் பண்ண வெச்சது. அதை நான் வாங்கிப் பார்த்திருக்கேன். அதுல பாடமே கிடையாது. முழுக்க முழுக்க, எது எந்தப் பக்கத்துல இருக்கு என்ற விவரம் மட்டும்தான்.

"புக்குக்குப் பின்னாடியே இன்டெக்ஸ் இருக்குமே, எதுக்கு இன்னொண்ணு?" என்று கேட்பீங்க. புத்தகம் எழுதினவர் போட்ட இன்டெக்ஸ், விஷயம் தெரிஞ்சவருக்கு. அவர் 'ஃப்ளூ கேஸ்' என்று போட்டிருப்பார். பதற்றத்துல உங்களுக்கு அந்த வார்த்தை ஞாபகம் வரணுமே! உங்களுக்கு வர்றது 'புகை'. அப்ப உங்க நோட்டுல 'பு' வரிசையில புகைன்னுதான் இருக்கணும்.

இங்கேதான் திருத்தணி மாதிரி ஊர்க்காரங்களுக்கு ஒரு விஷயம் இருக்கு. 1960 ஏப்ரல் 1-ஆம் தேதிதான் இந்த ஊர் ஆந்திராவிலிருந்து தமிழ்நாட்டுக்கு (அப்ப மெட்ராஸ் மாநிலம்) வந்தது. இன்னைக்கும் கடைத்தெருவில் ஒரு வாக்கியம் தமிழ்ல ஆரம்பிச்சு தெலுங்குல முடியும். நகரி, புத்தூர் பக்கம் காலேஜுக்குப் போற தமிழ்ப் பசங்க உண்டு. அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வர்ற தெலுங்குப் பசங்களும் உண்டு. பிளஸ் டூ வரை தமிழ் மீடியம், காலேஜ்ல திடீர்னு எல்லாமே இங்கிலீஷ் என்று முதல் வருஷம் முழுக்க முழிச்சவங்க எத்தனை பேர் இருக்கீங்கன்னு கை தூக்கச் சொன்னா, பாதிக் கம்பார்ட்மென்ட் தூக்கும். நாலு வருஷத்துல இங்கிலீஷ்ல எழுதப் பழகிடறோம். ஆனா அவசரத்துல மூளை தேடறது வீட்டு வார்த்தையைத்தான்.

நம்ம அண்ணன் வீட்டுல தெலுங்கு. அவர் நோட்டுல புகைக்கு 'பொக' என்று இருந்தது. அதுக்கு நேரா மூணு பக்க எண். பாய்லர் சுவர் வழியா போற வெப்பத்துக்கு 'சுவர் சூடு'. நிலக்கரியில இருக்கற தண்ணிக்கு 'ஈரம்'. பேபேக் பீரியடுக்கு என்ன பேர் வெச்சிருந்தார் தெரியுமா? 'காசு எப்ப திரும்பும்!' படிச்சுட்டு நான் சிரிச்சேன். அவர் சிரிக்கலை. "அந்த நோட்டுக்கு யாரும் மார்க் போடப் போறதில்லடா, எனக்குப் புரிஞ்சா போதும்" என்றார். தமிழ் பாதி, தெலுங்கு பாதி, நடுநடுவே இங்கிலீஷ். நூறு, நூத்தியிருபது வரி இருக்கும். மலைக்குப் போற படி 365-ஐயும் ஏறிப் பழகின ஊர்க்காரங்களுக்கு நூறு வரி எல்லாம் ஜுஜுபி!

இன்னொரு சூட்சுமமும் அதில் இருந்தது. தலைப்பை வெச்சு மட்டும் எழுதாம, கேள்வி எப்படி வருமோ அப்படியும் எழுதியிருந்தார். 'ஃபேன் விதிகள்' என்று ஒரு வரி. 'வேகத்தைக் குறைச்சா கரன்ட் எவ்வளவு மிச்சம்?' என்று இன்னொரு வரி. ரெண்டுக்கும் ஒரே பக்க எண்தான். கேள்வித்தாள்ல ஃபேன் விதின்னு சொல்லியா கேட்பாங்க? ஃபேனோட வேகத்தை பத்து சதவீதம் குறைச்சாங்க, பவர் எவ்வளவு குறையும்னு கேட்பாங்க. பவர் வேகத்தோட மூணாவது அடுக்கா மாறும் என்ற பக்கம் கையில சிக்கினா 0.9-ஐ மூணு தடவை பெருக்கினா முடிஞ்சது, 0.729. இருபத்தேழு சதவீதம் மிச்சம். சிக்கலைன்னா பத்து சதவீதம்னு எழுதிட்டு வர வேண்டியதுதான்.

அதே மாதிரி கூலிங் டவர். ரேஞ்ச் எது, அப்ரோச் எது என்று எல்லாரும் குழம்புற இடம். உள்ளே வர்ற சுடுதண்ணிக்கும் வெளியே போற குளிர்ந்த தண்ணிக்கும் உள்ள வித்தியாசம் ரேஞ்ச். குளிர்ந்த தண்ணிக்கும் வெளிக்காத்தோட வெட் பல்ப் வெப்பத்துக்கும் உள்ள வித்தியாசம் அப்ரோச். இப்படி அடிக்கடி குழம்பறதை மட்டும் பக்கம்கூட தேடாம நோட்டுலயே ஒரு வரியில எழுதிடுங்க.

பெரிய கணக்குக்கு இன்டெக்ஸ் மட்டும் போதாது. ரூட் மேப் வேணும். அரக்கோணம் தாண்டினா மோசூர், திருவாலங்காடு, மணவூர், கடம்பத்தூர், திருவள்ளூர்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்றீங்க இல்ல? கணக்கையும் அப்படி ஸ்டேஷன் ஸ்டேஷனா பிரிச்சு ஒரே தாள்ல எழுதணும்.

பாய்லர் எஃபிஷியன்ஸியை மறைமுக முறையில கண்டுபிடிக்கச் சொன்னா, முதல் ஸ்டேஷன்: எரிபொருள்ல இருக்கற கார்பன், ஹைட்ரஜன், ஆக்ஸிஜன், சல்ஃபர் அளவை வெச்சு, எரிய எவ்வளவு காத்து தேவை? அடுத்தது: புகையில ஆக்ஸிஜன் எவ்வளவு இருக்குன்னு பார்த்து, தேவைக்கு மேல எவ்வளவு காத்து போயிருக்கு? ஆக்ஸிஜன் சதவீதத்தை, 21-லிருந்து அதைக் கழிச்சு வர்றதால வகுத்து, நூறால பெருக்கணும். புகையில 7 சதவீதம் ஆக்ஸிஜன் இருந்தா, ஏழு வகுத்தல் பதினாலு, அதாவது 50 சதவீதம் கூடுதல் காத்து. ரெண்டையும் சேர்த்தா உண்மையில போன காத்தோட எடை. அதுக்கப்புறம் நஷ்டங்கள் வரிசையா வரும். உலர்ந்த புகையோட போறது, ஹைட்ரஜன் எரிஞ்சு உண்டான நீராவியோட போறது, எரிபொருளோட ஈரம், காத்தோட ஈரம், அரைகுறையா எரிஞ்ச கார்பன் மோனாக்ஸைடு, சாம்பல்ல எரியாம தங்கினது, சுவர் சூடு. எல்லாத்தையும் கூட்டி நூறுல கழிச்சா டெர்மினஸ்.

ஒவ்வொரு ஸ்டேஷனுக்கு நேராவும் பக்க எண். எந்த ஸ்டேஷன்ல என்ன எண்ணை வெளியிலிருந்து எடுத்துக்கிட்டு ஏறணும் என்பதையும் குறிச்சுக்கணும். உதாரணமா, புகையோட ஸ்பெசிஃபிக் ஹீட்டைக் கேள்வியில தரலைன்னா புக்குல இருந்துதான் எடுக்கணும். பாய்லருக்கு ஒரு தாள், பம்புக்கு ஒண்ணு, கம்ப்ரஸருக்கு ஒண்ணு, ஏ.சி.க்கு ஒண்ணுன்னு ஏழெட்டு தாள் தேறும். நாலாவது பெரிய கணக்குல பெரும்பாலும் ஏதாவது ஒரு தொழிலைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி வந்திருக்கு. அனல் மின் நிலையமா, சிமெண்டா, ஜவுளியா என்று ஹால்ல உட்கார்ந்து யோசிக்காதீங்க. எது உங்க தொழில்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டு அதுக்கு மட்டும் ரூட் மேப் போடுங்க. பொதட்டூர்பேட்டை தறிச் சத்தத்துல வளர்ந்தவங்களுக்கு ஜவுளி கொஞ்சம் சொந்தக்காரன் மாதிரிதானே!

நோட்டோட முதல் பக்கம் யூனிட்டுக்கு. இதை மட்டும் விளையாட்டா எடுத்துக்காதீங்க. 1 கிலோவாட் அவர் 860 கிலோ கலோரி. 1 கிலோ கலோரி 4.187 கிலோ ஜூல். 1 டன் ஏ.சி. மணிக்கு 3024 கிலோ கலோரி, கிலோவாட்டில் 3.517. பழைய புக் கலோரியில பேசும், ஸ்டீம் டேபிள் ஜூல்ல பேசும், கேள்வி ரெண்டுலயும் பேசும்! ஃபார்முலா சரி, கூட்டல் சரி, யூனிட் தப்புன்னா விடை நாலு மடங்கு வித்தியாசத்துல நிக்கும். பரீட்சையில அது மார்க். ஆலையில அது பணம். 'இந்த ஹீட் எக்ஸ்சேஞ்சரை மாத்தினா ரெண்டு வருஷத்துல காசு திரும்பிடும்'னு ஆடிட்டர் எழுதிக் கொடுத்த ரிப்போர்ட்டை நம்பி முதலாளி பேங்க்ல கடன் வாங்குவார். எட்டு வருஷமானாலும் திரும்பாத காசா அது இருந்தா, கடைசியில கையெழுத்துப் போட்டவர் பேரைத்தான் தேடுவாங்க. புக்கைத் திறந்து வெச்சுக்கோன்னு இந்தத் தாளுக்கு மட்டும் அனுமதி கொடுத்ததுல ஒரு நியாயம் தெரியுது. நிஜ ஆடிட்டரும் பாய்லர் ஹவுஸ்ல புக்கைத் திறந்து வெச்சுக்கிட்டுத்தான் வேலை பார்ப்பார்.

சரி, புக்குல கலர் கலரா ஸ்டிக்கி நோட் ஒட்டறது? ஒட்டுங்க, ஆனா அளவோட. ஐம்பது ஒட்டினா புக்குக்குத் தோகை முளைச்ச மாதிரி அழகா இருக்கும், ஒண்ணும் கண்ணுக்குத் தெரியாது. ஒரு புக்குக்கு இருபது போதும். ஃபார்முலா பக்கம் எல்லாம் மேல் ஓரத்துல, டேபிள் பக்கம் எல்லாம் வலது ஓரத்துல. ஒண்ணை ஒண்ணு மறைக்காம படி மாதிரி இறக்கி ஒட்டணும். சீட்டு மேல அத்தியாயத்தோட பேரை எழுதாம, தேடற பொருளோட பேரை எழுதுங்க.

ஜெராக்ஸ் பத்தி ஒரு வார்த்தை. புது புக் வாங்க எல்லார்கிட்டயும் காசு இருக்காது, லைப்ரரி புக்கை ஜெராக்ஸ் போட்டுக்கறவங்கதான் அதிகம். கடைக்காரர் ரெண்டு பக்கத்தை ஒரே தாள்ல சுருக்கிப் போட்டா ஓரத்துல இருக்கற பக்க எண் வெட்டுப்பட்டுடும். இல்லைன்னா ஸ்பைரல் ஓட்டை சரியா அது மேலேயே விழும். பக்க எண் இல்லாத புக்குக்கு எப்படி இன்டெக்ஸ் போடுவீங்க? போட்டு முடிச்சதும் கடையிலேயே நின்னு ஒரு தடவை புரட்டிப் பார்த்துட்டு காசு கொடுங்க. அது முடியலைன்னா ஒரு ஸ்கெட்ச் பேனாவால நீங்களே ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண் போட்டுடுங்க. ரூம்மேட் போட்ட இன்டெக்ஸைக் கடன் வாங்கறவங்களுக்கு: அவன் வெச்சிருக்கற பதிப்பும் உங்க பதிப்பும் ஒண்ணான்னு முதல்ல பாருங்க. பதிப்பு மாறினா பக்கம் மாறும். சில சமயம் பாடமே மாறும். சிவில்காரங்களுக்கு இது நல்லாவே தெரியும். சீனியர் பாசமா கொடுத்த ஐ.எஸ். 800 ஜெராக்ஸ், 1984 பதிப்பா இருந்தா அது வேற முறை. 2007-ல வந்த பதிப்புல ஸ்டீல் டிசைனோட அணுகுமுறையே லிமிட் ஸ்டேட்டுக்கு மாறிடுச்சு. பழைய புக்கைத் திறந்து வெச்சு எவ்வளவு வேகமா தேடினாலும் தப்பான விடைதான் சீக்கிரம் கிடைக்கும்.

நோட்டு ரெடியாயிடுச்சா? இனிமேதான் வேலையே. பழைய கேள்வித்தாள் ஒண்ணை எடுங்க. டெஸ்க்னு நினைச்சு ஒரு நியூஸ்பேப்பரை நாலா மடிச்சுப் போட்டு, அந்த அளவுக்குள்ளேயே புக், நோட்டு, விடைத்தாள் எல்லாத்தையும் வெச்சு எழுதிப் பாருங்க. 24 நிமிஷத்துக்கு செல்போன்ல அலாரம். தேடும்போது அரை நிமிஷத்துக்கு மேல ஆச்சுன்னா, என்ன வார்த்தையை மனசுல வெச்சுத் தேடினீங்களோ அதே வார்த்தையை நோட்டுல ஏத்துங்க. அஞ்சு பழைய தாள் முடியறப்ப நோட்டு உங்க மூளையோட ஜெராக்ஸ் மாதிரி ஆகியிருக்கும். நம்ம அண்ணன் இதையெல்லாம் பண்ணினது முக்கால்வாசி ரயில்லதான். சீட் கிடைச்ச நாள்ல கணக்கு, கிடைக்காத நாள்ல நின்னுக்கிட்டே இன்டெக்ஸ்.

விதிமுறை மட்டும் ஒவ்வொரு தடவையும் அறிவிப்பைப் படிச்சுத் தெரிஞ்சுக்கணும். எதை உள்ளே விடுவாங்க, எதை விட மாட்டாங்கன்னு போன வருஷம் எழுதினவங்க சொல்றதைக் கேட்டுட்டுப் போகாதீங்க. வக்கீல்களுக்கான அகில இந்திய பார் தேர்வு 2011-ல புக்கைப் பார்த்து எழுதற தேர்வாத்தான் ஆரம்பிச்சது. பத்து வருஷம் கழிச்சு, குறிப்பு எழுதாத வெறும் சட்டப் புத்தகம் மட்டும்தான் உள்ளே வரலாம்னு மாத்திட்டாங்க. அமெரிக்க லைசன்ஸ் தேர்வுக்கு ஒரு காலத்துல தள்ளுவண்டியில புக் கொண்டு போனவங்க உண்டு. அங்கே ஒரே கண்டிஷன், எல்லாம் பைண்ட் பண்ணியிருக்கணும், தனித்தாள் கூடாது. 2022-லிருந்து சிவில் தேர்வு கம்ப்யூட்டருக்குப் போயிடுச்சு. சொந்த புக் எதுவும் வேண்டாம், திரையிலேயே ஒரு கையேடு வரும், அதுலயே தேடிக்கோன்னுட்டாங்க. ஸ்டிக்கி நோட் இல்லை, லாங் சைஸ் நோட்டும் இல்லை. ஆனா தேடற பெட்டியில டைப் அடிக்கச் சரியான வார்த்தை தெரியணுமே! அங்கே 'புகை'ன்னு அடிச்சா வராது. அதனால நோட்டுல 'புகை'க்குப் பக்கத்துலயே 'ஃப்ளூ கேஸ்'னும் எழுதி வெச்சுக்கிட்டா ரெண்டு விதத்துலயும் பொழைச்சுக்கலாம். உங்க சொந்த நோட்டை ஹாலுக்குள்ள விடலைன்னாலும் நஷ்டமில்லை. உட்கார்ந்து அதைப் போட்டதுலயே பாதிப் பக்க எண் மனப்பாடமாகியிருக்கும். ஆனா அடுத்தவங்க போட்டதை ஜெராக்ஸ் எடுத்தவங்களுக்கு இந்தச் சலுகை கிடையாது.

மூணு வருஷ அனுபவத்துக்கு அப்புறம் வர்ற தேர்வுக்கு இப்பவே என்ன அவசரம்னு நினைக்கறீங்களா? இப்ப கையில இருக்கற டேட்டா புக்கை வெச்சே ஆரம்பிங்க. ரயில்ல போறவங்களுக்கு ஒரு விளையாட்டு சொல்றேன். ரெண்டு பேர், ரெண்டு டேட்டா புக். ஒருத்தர் ஒரு வார்த்தை சொல்லணும்: 'ஸ்பிரிங்', 'கீ', 'பேரிங் ஆயுசு'. ரெண்டு பேரும் பக்கத்தைத் தேடணும். முதல்ல எடுத்தவருக்கு ஒரு பாயின்ட். திருத்தணியில வண்டி நகர்ந்ததும் ஆரம்பம், அரக்கோணம் பிளாட்ஃபாரம் தெரிஞ்சதும் முடிவு. டீ, சமோசா ரெண்டும் தோத்தவர் செலவு.